சி டிரைவில் இடமே இல்லையா? இதெல்லாம் தெரியுமா?

கம்ப்யூட்டரில் 'திஸ் பிசி'யைத் திறக்கிறீர்கள். சி டிரைவுக்குக் கீழே நீலக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புக் கோடு! காலி இடம் பத்து சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது என்று அர்த்தம். நாம் வைத்ததென்னவோ நாலு கல்யாண ஆல்பம், கொஞ்சம் பாட்டு, பிள்ளைகளின் ப்ராஜெக்ட். மிச்ச இடத்தையெல்லாம் யார் சாப்பிட்டது? அதைத் தேடிப் போனால் எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. வாங்க!

பெட்டியைப் பிரிக்கும்போதே 69 ஜிபி காணோம்!

1 டிபி என்று அச்சடித்த ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். பார்த்திருக்கிறீர்களா? கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? இல்லவே இல்லை! டிஸ்க் செய்பவர்களுக்குக் கிலோ என்றால் 1,000. விண்டோஸுக்கோ 1,024! லட்சம் கோடி பைட்டை 1,024-ஆல் மூன்று முறை வகுத்துப் பாருங்கள். 931.3 வருகிறதா? ஒரு பைட்கூடத் தொலையவில்லை, எண்ணுகிற கணக்குதான் வேறு!

அதே டிஸ்க்கை மேக் கம்ப்யூட்டரில் செருகினால்? முழுசாக 1 டிபி காட்டும்! ஆப்பிள் 2009-லேயே 1,000 கணக்குக்கு மாறிவிட்டது.

இந்தச் சண்டை கோர்ட் வரை போனது தெரியுமா? 'சொன்ன ஜிபி வரவில்லை' என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2006-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலும், 2007-இல் சீகேட்டும் வாடிக்கையாளர்களோடு சமரசத்துக்கு வந்தன!

கொசுறாக ஒன்று. பழைய ஃப்ளாப்பியில் 1.44 எம்பி என்று போட்டிருக்குமே, அது எந்தக் கணக்கு? அதில் இருப்பது 14,74,560 பைட். 1,000 கணக்கில் 1.47 எம்பி. 1,024 கணக்கில் 1.41 எம்பி. 1.44 எங்கிருந்து வந்தது? பாதிக்கு 1,000, பாதிக்கு 1,024 என்று கலந்து வகுத்திருக்கிறார்கள்! உலகம் முழுக்க இருபது வருஷத்துக்கு மேல் இப்படி ஒரு கலப்படக் கணக்கைத்தான் லேபிளில் படித்துக்கொண்டிருந்தது!

அழித்தது அழியவே இல்லை!

ஃபைலை அழித்தால் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது தெரியுமா? கிட்டத்தட்ட ஒன்றுமே செய்வதில்லை! 'இந்த இடம் இனி காலி' என்று அட்டவணையில் ஒரு குறி. அவ்வளவுதான். உள்ளே இருக்கும் படமும் எழுத்தும் வேறு எதையாவது அதன்மேல் எழுதும் வரை அப்படியே கிடக்கும்!

டாஸ் காலத்தில் இது இன்னும் வேடிக்கை. ஃபைலின் பெயரில் முதல் எழுத்தை மட்டும் நீக்கிவிட்டு அங்கே 229 என்ற எண்ணைப் போட்டுவிடும். ஃபைல் அழிந்ததாகக் கணக்கு! 1991-இல் வந்த டாஸ் 5-இல் 'அன்டெலீட்' என்று ஒரு கட்டளை. அதை ஓடவிட்டால், அழிந்த ஃபைலின் பெயரை முதல் எழுத்து இல்லாமல் காட்டி, 'அந்த எழுத்து என்ன, சொல்லுங்கள்' என்று நம்மையே கேட்கும்! சொன்னால் ஃபைல் திரும்பி வந்துவிடும்! முதல் எழுத்து மட்டும்தான் அதற்கு மறந்துபோயிருக்கும்!

ஆனால் எஸ்எஸ்டியில் கதை தலைகீழ். அங்கே 'டிரிம்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. 'இதெல்லாம் வேண்டாதது' என்று விண்டோஸ் சொன்னதும், எஸ்எஸ்டி ஓய்வு நேரத்தில் உள்ளதையே சுத்தமாகத் துடைத்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் தவறுதலாக அழித்தால், உடனே வேலையை நிறுத்தினால் மீட்க வாய்ப்பு அதிகம். எஸ்எஸ்டியில்? பெரும்பாலும் போனது போனதுதான்!

20 ஜிபி சினிமாவை சி டிரைவுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பாருங்கள். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்! எப்படி? சினிமா ஓர் அங்குலம்கூட நகரவில்லை, விலாசம்தான் மாறியது! அதையே வேறு டிஸ்க்குக்கு மாற்றினால் நிமிஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அப்படியானால் ரீசைக்கிள் பின்? அதில் போட்டால் ஒரு பைட்கூட மிச்சமாகாது! சி டிரைவிலேயே ஒளித்து வைத்த ஒரு ஃபோல்டர்தான் அது. காலி செய்தால்தான் இடம். பென் டிரைவிலிருந்து அழித்தால் பொதுவாக அந்தத் தொட்டிக்கே போகாது, நேராகக் காணாமல் போய்விடும். இது தெரியாமல் தலையில் கைவைத்தவர்கள் எத்தனை பேர்!

கண்ணுக்குத் தெரியாத பெருந்தீனிக்காரர்கள்!

நீங்கள் வைக்காத ஒரு ஃபைல் உங்கள் சி டிரைவில் பல ஜிபி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தெரியுமா? பெயர் ஹைபர்ஃபில்.சிஸ்! கம்ப்யூட்டரை ஹைபர்னேட் செய்யும்போது ரேமில் இருப்பதை அள்ளிக் கொட்டி வைக்கும் இடம். விண்டோஸ் 10-இல் வழக்கமாக ரேமில் 40 சதவீதம். 16 ஜிபி ரேம் என்றால் ஆறு ஜிபிக்கு மேல்! விண்டோஸ் 7 காலத்தில் 75 சதவீதம்! ஹைபர்னேட்டே செய்யாதவர் வீட்டிலும் அது பாட்டுக்கு இருக்கும். அட்மினாகக் கட்டளைத் திரையைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி, ஹைஃபன் எச், ஆஃப்' என்று ஒரு வரி அடித்தால் அத்தனை இடமும் அடுத்த நொடியே கைக்கு வரும்! ஆனால் வேகமாக 'ஆன்' ஆகும் வசதியும் அதோடு போய்விடும். டெஸ்க்டாப்காரர்கள் தாராளமாகச் செய்யலாம். லேப்டாப்காரர்கள் கொஞ்சம் யோசிக்கவும்.

விண்டோஸ் தனக்கென்று சுமார் 7 ஜிபியை முன்கூட்டியே துண்டு போட்டு வைத்திருப்பது தெரியுமா? 2019-இல் வந்த பதிப்பிலிருந்து இப்படி. அப்டேட் வரும்போது 'இடமில்லை' என்று மூக்கால் அழக்கூடாதாம்!

புது விண்டோஸுக்கு மாறியதும் பழைய விண்டோஸ் எங்கே போகிறது? எங்கும் போவதில்லை! 'விண்டோஸ்.ஓல்டு' என்ற பெயரில் முழுசாக அங்கேயே பத்து நாள் உட்கார்ந்திருக்கும். மனசு மாறினால் திரும்பிப் போவதற்காக! பத்து நாள் கழிந்ததும் தானாகவே நடையைக் கட்டும்.

ஐஃபோனைக் கம்ப்யூட்டரில் பேக்கப் எடுத்து வைத்தீர்களா? அது சத்தமில்லாமல் சி டிரைவுக்குள் பல பத்து ஜிபி பிடிக்கும்! போனையே மாற்றிய பிறகும் பழைய போனின் பேக்கப் அங்கேதான் இருக்கும்!

'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்ற ஃபோல்டரைப் பார்த்துப் பதறியதுண்டா? பதறாதீர்கள், அது பொய்க்கணக்கு! ஒரே ஃபைலுக்கு இரண்டு மூன்று இடத்தில் பெயர்ப்பலகை மாட்டியிருப்பதால், எக்ஸ்ப்ளோரர் அதையே திரும்பத் திரும்ப எண்ணிவிடுகிறது. உண்மை அளவு அதைவிடக் குறைவு. அந்த ஃபோல்டரில் மட்டும் கைவைத்து எதையும் அழித்துவிடாதீர்கள், விண்டோஸே எழுந்திருக்காமல் போகலாம்!

'அம்மா'வுக்கு எத்தனை பைட்?

இதை இப்போதே செய்து பாருங்கள். நோட்பேடைத் திறந்து 'அம்மா' என்று தமிழில் அடித்துச் சேமியுங்கள். ரைட் கிளிக், பிராபர்ட்டீஸ். அளவு எவ்வளவு? 15 பைட்! அதையே ஆங்கில எழுத்தில் அடித்தால் வெறும் 4! யூடிஎஃப்-8 முறையில் அ, ம, புள்ளி, இன்னொரு ம, துணைக்கால் என்று ஐந்து துண்டு. துண்டுக்கு மூன்று பைட்!

ஆச்சரியம் அடுத்த வரியில்தான்! 'சைஸ் ஆன் டிஸ்க்' என்ன காட்டுகிறது? பூஜ்ஜியம்! எழுத்து இருக்கிறது, ஆனால் இடமே பிடிக்கவில்லை! எப்படி? இவ்வளவு குட்டி ஃபைலுக்குத் தனி இடம் எதற்கு என்று, விண்டோஸ் அதைத் தன் பதிவேட்டிலேயே ஓர் ஓரமாக எழுதி வைத்துக்கொள்கிறது! சுமார் 700 பைட் வரைக்கும்தான் இந்தச் சலுகை. அதைத் தாண்டினால்? ஒரே தாவலில் 4,096 பைட்! அதற்குக் குறைந்த அறை கிடையாது.

80 எம்பிக்கு 14 பேர்!

எது இடத்தைத் தின்கிறது என்று வண்ண வண்ணக் கட்டங்களாகக் காட்டும் மென்பொருள்கள் உண்டே, விண்டிர்ஸ்டாட், விஸ்ட்ரீ மாதிரி? பெரிய ஃபைலுக்குப் பெரிய கட்டம், சின்னதற்குச் சின்னது. இந்தக் கட்டப்படம் எப்படிப் பிறந்தது தெரியுமா? ஹார்ட் டிஸ்க் நிறைந்துபோன கடுப்பில்!

1990. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் என்ற பேராசிரியரின் ஆய்வகம். 80 எம்பி ஹார்ட் டிஸ்க் ஒன்று. அதைப் பங்குபோட்டுக்கொண்டவர்கள் 14 பேர்! தலைக்கு ஆறு எம்பிகூட வராது! டிஸ்க் அடிக்கடி நிறைந்துவிடும். யார் ஃபைல் எவ்வளவு பிடிக்கிறது என்று பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். எல்லாவற்றையும் ஒரே சதுரத்துக்குள் அடக்கிக் காட்ட முடியாதா என்று யோசித்து யோசித்து அவர் கண்டுபிடித்ததுதான் 'ட்ரீமேப்'! இன்றைக்குப் பங்குச்சந்தை நிலவரத்தைப் பச்சையும் சிவப்புமாகக் கட்டம் கட்டிக் காட்டுகிறார்களே, அதுவும் இதேதான்! யாரோ டிஸ்க்கை நிரப்பியதால் உலகத்துக்குக் கிடைத்த சொத்து!

சி டிரைவ் சிவந்தால் முதலில் இப்படி ஒரு மென்பொருளை ஓடவிடுங்கள் என்பேன். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து துழாவுவது வீண் வேலை. குற்றவாளி பெரும்பாலும் நாலைந்து பெரிய கட்டங்கள்தான்!

154 ஜிபி எப்படி 23 ஆனது?

'ஹெல்டைவர்ஸ் 2' என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. சுமார் 154 ஜிபி பிடித்துக்கொண்டிருந்தது. 2025 டிசம்பரில் அதைச் செய்தவர்களே இளைக்க வைத்தார்கள். எவ்வளவுக்கு? சுமார் 23 ஜிபிக்கு! ஒரு காட்சியையும் வெட்டவில்லை, ஒரு துப்பாக்கியையும் பிடுங்கவில்லை! பிறகு 131 ஜிபியில் என்னதான் இருந்தது? இருந்ததே திரும்பத் திரும்ப இருந்தது! பழைய ஹார்ட் டிஸ்க்கின் முள் அங்குமிங்கும் ஓடித் தேடக்கூடாதென்று, ஒரே சங்கதியைப் பல இடங்களில் நகலெடுத்து வைத்திருந்தார்கள். நகலையெல்லாம் நீக்கிப் பார்த்தால், ஹார்ட் டிஸ்க்கிலும் சில விநாடிதான் தாமதம்!

பழைய சூப்பர் மாரியோ விளையாட்டு முழுசுக்கும் அளவு என்ன தெரியுமா? 40 கேபி! வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'குட் மார்னிங்' ரோஜாப்பூ அதைவிடக் கனம்!

42 கேபிக்குள் 45 லட்சம் ஜிபி!

'42.ஜிப்' என்று பேர்போன ஒரு ஃபைல் உண்டு. வெறும் 42 கேபி. திறந்தால் உள்ளே 16 ஜிப். ஒவ்வொன்றுக்குள்ளும் 16. அதற்குள்ளும் 16! இப்படி ஐந்து அடுக்கு. கடைசி அடுக்கில் ஒவ்வொன்றும் நாலு ஜிபிக்கு மேல்! மொத்தம் 4.5 பெட்டாபைட்! அத்தனையையும் வைக்க 1 டிபி டிஸ்க் 4,500 வேண்டும். வைரஸ் ஸ்கேனர்களை மூச்சுத் திணறடிக்கவே இந்த வகை ஜிப்கள் பயன்பட்டன. உள்ளே ஒரே மாதிரி எழுத்தே கோடிக்கணக்கில் இருந்தால் அமுக்குவது சுலபம், அதுதான் ரகசியம்!

அமுக்கி இடம் பிடிப்பது பெரிய வியாபாரமாகவே நடந்தது. 'உங்கள் டிஸ்க் இரட்டிப்பாகும்!' என்று ஸ்டாக் என்ற சின்ன நிறுவனம் 'ஸ்டாக்கர்' மென்பொருளை விற்றது. 1993-இல் மைக்ரோசாஃப்ட் தன் டாஸ் 6-இலேயே அதே மாதிரி ஒன்றைச் சேர்த்தது. வழக்கு! 1994-இல் தீர்ப்பு. ஸ்டாக்குக்கு மைக்ரோசாஃப்ட் தர வேண்டியது 12 கோடி டாலர்!

சுத்தம் செய்ய வந்தவரே சூனியம் வைத்தால்?

குப்பை கூட்டும் மென்பொருளில் 'சிகிளீனர்' பெரிய பேர். 2017-இல் அதற்குள்ளேயே யாரோ புகுந்து கள்ள நிரலைச் செருகிவிட்டார்கள்! கம்பெனியின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே பரவியது. சுமார் 22.7 லட்சம் பேர் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது! விண்டோஸிலேயே 'டிஸ்க் கிளீனப்' 1998-லிருந்து இருக்கிறது. தானாகக் கூட்டிப் பெருக்கும் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' 2017-லிருந்து இருக்கிறது. இரண்டும் இலவசம். பிறகு எதற்கு வெளியாளைக் கூப்பிட வேண்டும்?

விண்டோஸும் சறுக்கியதுண்டு! 2018 அக்டோபர் அப்டேட் ஞாபகமிருக்கிறதா? சிலர் கம்ப்யூட்டரில் சொந்த ஃபைல்களையே துடைத்துவிட்டது! காரணம் கேட்டால் சிரிப்பதா அழுவதா! இரண்டு இடத்தில் இருந்த ஒரே பெயர் ஃபோல்டர்களில் வெறும் ஃபோல்டரை ஒழிக்கலாம் என்று எழுதிய நிரல், நிறைந்ததையும் சேர்த்து ஒழித்துவிட்டது! சில நாளிலேயே நிறுத்தி, நவம்பரில் சரிசெய்து மறுபடி விட்டார்கள். அதே பதிப்பில்தான் டிஸ்க் கிளீனப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரும் வந்து உட்கார்ந்தது. எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துப் பழகிய கைக்கு எப்படியிருக்கும்! பிறகு அதை எடுத்துவிட்டார்கள்.

32 ஜிபி என்று யார் சொன்னது?

பென் டிரைவில் காலி இடம் எக்கச்சக்கம், ஆனால் 5 ஜிபி படம் ஏற மறுக்கிறதா? அது ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொடவே முடியாது! இன்னொரு வேடிக்கை. 32 ஜிபிக்கு மேல் உள்ள டிஸ்க்கை ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்ய விண்டோஸ் நெடுங்காலம் விடவில்லை. விஞ்ஞான விதியா? அதெல்லாம் இல்லை! 1990-களின் நடுவில் டேவ் பிளம்மர் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர் அந்த ஃபார்மட் பெட்டியைச் செய்யும்போது, அவராகவே முடிவு செய்து போட்ட அளவு அது! தற்காலிகமாகத்தான் அந்தப் பெட்டியையே செய்தாராம். 2024-இல்தான், அதுவும் முதலில் சோதனைப் பதிப்பின் கட்டளைத் திரையில், அதை 2 டிபியாக உயர்த்தினார்கள்!

'சகாய விலையில் 16 டிபி பென் டிரைவ்!' விளம்பரம் பார்த்தீர்களா? தொடாதீர்கள்! உள்ளே சின்ன சிப், 'நான் 16 டிபி' என்று பொய் சொல்லப் பழக்கியிருப்பார்கள். கம்ப்யூட்டரும் நம்பும். நிறைந்ததற்கு மேல் போடுவதெல்லாம் காற்றில் போகும், ஃபைல் பெயர் மட்டும் சமர்த்தாகத் தெரியும்!

ஆமாம், டிரைவ் ஏன் 'சி'யில் தொடங்குகிறது? 'ஏ'யும் 'பி'யும் ஃப்ளாப்பிக்குக் கொடுத்தாகிவிட்டது! ஃப்ளாப்பி போயே போச்சு, நாற்காலி மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது!

ஒரு டன் எடை, ஒரு செல்ஃபி!

1956-இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50! எடை சுமார் ஒரு டன்! கொள்ளளவு? 3.75 எம்பி! இன்றைய போனில் எடுத்த ஒரு செல்ஃபி உள்ளே போனால் கதவைச் சாத்திவிடலாம்! அந்த டிஸ்க்கோடு வந்த கம்ப்யூட்டருக்கு மாத வாடகை 3,200 டாலர்! 1 டிபி மைக்ரோ எஸ்டி கார்டுக்கு ஈடாக வேண்டுமானால் அப்படிப்பட்டவை 2,66,000-க்கு மேல் வேண்டும். கார்டின் நீளம் 15 மில்லிமீட்டர், அகலம் 11!

விண்டோஸ் 95 ஃப்ளாப்பியில் வந்தபோது 13 ஃப்ளாப்பி. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச இடம் 64 ஜிபி. அதை 1.44 எம்பி ஃப்ளாப்பியில் கணக்குப் போட்டால் 43,400! ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 143 மீட்டர் உயரம்!

பாட்டுப் போட்டால் டிஸ்க் படுத்துவிடும்!

நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுழலும் ஹார்ட் டிஸ்க்கின் விளிம்பு என்ன வேகத்தில் போகிறது தெரியுமா? மணிக்குச் சுமார் 129 கிலோமீட்டர்! அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில், தொடாமல், முள் மிதந்துகொண்டே படிக்கிறது!

அதட்டினால் பயப்படுமா? பயப்படும்! 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் பிரெண்டன் கிரெக் டிஸ்க் அடுக்குகளுக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினார். அந்த நொடியே டிஸ்க் தடுமாறியது வரைபடத்தில் தெரிந்தது! ஜேனட் ஜாக்சனின் 'ரிதம் நேஷன்' பாட்டைப் போட்டால் சில பழைய லேப்டாப்கள் அப்படியே செயலிழந்தன என்று 2022-இல் மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் எழுதினார். பாட்டு ஓடிய லேப்டாப் மட்டுமல்ல, பக்கத்தில் சும்மா கிடந்ததும் படுத்ததாம்! பாட்டின் ஓர் அதிர்வெண்ணும் உள்ளே இருந்த 5,400 சுற்று டிஸ்க்கின் இயற்கை அதிர்வும் ஒத்துப்போனதுதான் வினை. இதற்குப் பாதுகாப்புக் குறைபாடு என்று முறைப்படி எண்ணே கொடுத்துவிட்டார்கள்!

ஒரே கட்டளையில் ஒரு சினிமா!

கடைசியாக, அழிப்பதற்கு முன் நினைத்துக்கொள்ள வேண்டிய கதை. 1998. பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தது. யாரோ தவறான இடத்தில் அழிக்கும் கட்டளையை அடித்துவிட்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதாநாயகன் வுட்டியின் தொப்பி காணோம்! பூட்ஸ் காணோம்! பிறகு வுட்டியே காணோம்! மின்சார இணைப்பைப் பிடுங்கச் சொல்லிக் கத்தினார்கள். அதற்குள் சுமார் 90 சதவீதம் காலி! பேக்கப் இருக்கிறதே என்று ஓடினால், அது சில காலமாகச் சரியாக வேலையே செய்யவில்லை!

பிறகு? கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப மேற்பார்வையாளருக்கு அப்போது கைக்குழந்தை. வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒரு நகலை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார்! போர்வைகளைச் சுற்றி, காரின் பின்சீட்டில் படுக்கவைத்து, சீட் பெல்ட் போட்டு அந்தக் கம்ப்யூட்டரை அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது!

அப்புறம் என்ன ஆனது தெரியுமா? இத்தனை பாடுபட்டு மீட்ட படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். கதை சரியில்லை என்று பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒன்பதே மாதத்தில் மறுபடியும் புதிதாக எடுத்தார்கள்!